கூடைப்பந்து ஆடுகளம்: மீட்டரில் அளந்து கோடு போடுவது

கான்கிரீட் தளம் போட்டு, நீர் ஊற்றி, காய்ந்தும் விட்டது. இனி கோடு போட வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இந்தக் கட்டம் அவசரத்தில்தான் நடக்கும். திறப்பு விழாத் தேதி குறித்தாகியிருக்கும், பெயிண்டர் காலையிலேயே டப்பாவோடு வந்து நிற்பார், உடற்கல்வி ஆசிரியரின் போனில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு படம் இருக்கும். தளம் போட லட்சங்களைச் செலவழித்துவிட்டு, கோட்டுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க மனம் வராது. ஆனால் அந்தத் தளத்தில் பழகும் பிள்ளைகளின் காலும் கையும் அந்தக் கோடுகளைத்தான் மனப்பாடம் செய்யும். ஃப்ரீ த்ரோ கோடு மூன்று விரற்கடை தள்ளியிருந்தால், தினமும் நூறு முறை தவறான தூரத்திலிருந்து எறிந்து பழகிய பிள்ளை, மாவட்டப் போட்டியில் சரியான கோட்டில் நின்று தடுமாறும். அதனால் கோடு போடும் வேலைக்கு அளவு தெரிந்த ஒருவர் நாள் முழுக்கக் கூடவே நிற்க வேண்டும்.

முதலில் கையிலிருக்கும் படத்தைச் சரிபாருங்கள். அதில் 94 அடி, 50 அடி என்று இருந்தால் அது அமெரிக்க என்பிஏ ஆடுகளம், மீட்டரில் 28.65, 15.24 வரும். மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டர் என்று இருந்தாலும் அது என்பிஏ படம்தான். நம் பள்ளி, கல்லூரி, மாநிலப் போட்டிகள் பின்பற்றுவது ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளை. 1932இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். என்பிஏ படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடிக்கணக்கு வேண்டாம்

நம் ஊர் மேஸ்திரிகளுக்கு அடியும் அங்குலமும்தான் கைப்பழக்கம். "சார், 28 மீட்டர்னா 92 அடி, 15 மீட்டர்னா 49 அடி, போட்டுரலாம்" என்பார் ஒருவர். கேட்கும்போது பெரிய தவறாகத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 92 அடி என்பது 28.04 மீட்டர், 4 சென்டிமீட்டர் அதிகம். 49 அடி என்பது 14.935 மீட்டர்; ஆறரை சென்டிமீட்டர் குறைவு. ஒரு கோட்டின் அகலமே 5 சென்டிமீட்டர்தான். 6.75 மீட்டர் வளைவை 22 அடி என்று போட்டால் நாலரை சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழுக் கோடு உள்ளே வந்துவிடும்.

டேப்பின் இரண்டு பக்கமும் எண்கள் இருந்தால், அடிப் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணே, இன்னைக்கு எல்லாமே மீட்டர்ல சொல்வேன், நீங்களும் மீட்டர்லயே திருப்பிச் சொல்லுங்க" என்றால் போதும். அளவைச் சொல்பவரும் பிடிப்பவரும் ஒரே எண்ணை உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

அடிக்கணக்கு பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ரிங்கின் உயரம் 10 அடி. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டினார். அந்தச் சட்டம் இருந்த உயரம் 10 அடி. மீட்டரில் 3.048. ஃபிபா அதை 3.05 மீட்டர் என்று வைத்துக்கொண்டது. 2 மில்லிமீட்டர் வித்தியாசம் யாரையும் பாதிக்காது. மற்ற எதிலும் இந்தச் சலுகை இல்லை.

எந்த விளிம்பிலிருந்து அளப்பது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எல்லாக் கோடுகளும் 5 சென்டிமீட்டர் அகலம், எல்லாம் ஒரே நிறம். வெள்ளை, அல்லது தளத்தின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் வேறொரு நிறம். அந்த 5 சென்டிமீட்டருக்குள் எந்த விளிம்புவரை அளக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான ஆடுகளங்கள் கெட்டுப்போகின்றன.

விதியின் பின்னால் இருக்கும் நியாயம் எளிது. கோடு எந்தப் பகுதிக்குச் சொந்தமோ, அதற்கு ஏற்ற விளிம்புவரை அளவு போகும். எல்லைக்கோடுகள் ஆடுகளத்துக்குச் சொந்தமில்லை. கோட்டை மிதித்தாலே வெளியே போனதாகக் கணக்கு. அதனால் 28 மீட்டரும் 15 மீட்டரும் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை. நடுவட்டத்தின் ஆரம் 1.80 மீட்டர், அது கோட்டின் வெளிவிளிம்புவரை. மூன்று புள்ளிக் கோட்டை மிதித்து எறிந்தால் இரண்டு புள்ளிதான், ஏனென்றால் அந்தக் கோடு இரண்டு புள்ளிப் பகுதியோடு சேர்ந்தது, எனவே 6.75 மீட்டர் வெளிவிளிம்புவரை. ஃப்ரீ த்ரோ கோட்டின் 5.80 மீட்டர், கடைக்கோட்டின் உள்விளிம்பில் தொடங்கி ஃப்ரீ த்ரோ கோட்டின் தூர விளிம்புவரை. ரிங்குக்குக் கீழே உள்ள சிறிய அரைவட்டத்துக்கு மட்டும் 1.25 மீட்டர் உள்விளிம்புவரை.

இப்போது பெயிண்டர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். நூல் அடித்ததும் தரையில் நீலமோ சிவப்போ ஒரு மெல்லிய கோடு விழும். அவர் அதை நடுவாக வைத்து, இரண்டு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுவார். வீட்டுச் சுவரில் பார்டர் அடித்துப் பழகிய கை அது, அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அப்படி அடித்தால் 28க்கு 15 ஆக இருக்க வேண்டிய ஆடுகளம் 27.95க்கு 14.95 ஆகிவிடும். நூல் விழுந்த இடம் பெயிண்டின் ஒரு விளிம்பு என்பதை அவருக்குப் புரியவைக்க வேண்டும். ஒவ்வொரு நூல்கோட்டின் பக்கத்திலும், பெயிண்ட் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எல்லைக்கோடுகளில் அம்பு வெளியே பார்க்கும். மூன்று புள்ளிக் கோட்டில் ரிங்கைப் பார்க்கும். நடுக்கோடு மட்டும் நூலுக்கு இரண்டு பக்கமும் சமமாக வரும். கால்மணி நேர வேலைதான், ஆனால் நாள் முழுக்க வரக்கூடிய தகராறை இது தீர்த்துவிடும்.

செவ்வகம்

இடம் போதுமா என்று முதலில் பாருங்கள். எல்லைக்கோட்டிலிருந்து சுற்றிலும் குறைந்தது 2 மீட்டருக்கு சுவரோ கம்பமோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளோ எதுவும் இருக்கக் கூடாது. கோடுகளின் அகலத்தையும் சேர்த்தால் தளம் குறைந்தது 32.10 மீட்டருக்கு 19.10 மீட்டர் வேண்டும். ஸ்கோர் மேசையும் அணிகளின் பெஞ்சும் இருக்கும் பக்கம் அதற்கும் அப்பால் இடம் தேவை. கூரை இருந்தால் அதன் மிகத் தாழ்ந்த பகுதி, தொங்கும் விளக்கு உட்பட, 7 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது.

இடம் குறைவாக இருந்தால் சிலர் கோட்டைச் சுவரோரம்வரை இழுத்து 28 மீட்டரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். லே-அப் போட்டுவிட்டு ஓடும் பிள்ளைக்கு நிற்க இரண்டு மீட்டர் கட்டாயம் வேண்டும். நீளத்தைக் குறைத்துக்கொண்டு, பயிற்சி ஆடுகளம் என்று சொல்லிக்கொள்வதே நேர்மையானது.

அளவுக்கு எஃகு டேப்பைப் பயன்படுத்துங்கள். துணி டேப்பும் ஃபைபர் டேப்பும் இழுத்த இழுப்புக்கு நீளும். எஃகும் வெயிலில் நீளும். 20 டிகிரி சூடேறினால் 30 மீட்டர் டேப் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் கூடும். காலை வேளையிலேயே செவ்வகத்தை முடித்துவிடுவது நல்லது. டேப்பின் பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்: சிலவற்றில் வளையத்தின் நுனியிலிருந்து, சிலவற்றில் சற்று உள்ளேயிருந்து. முனை தேய்ந்த டேப்பில் 1 மீட்டர் குறியைப் பிடித்து அளப்பவர்கள் உண்டு. நல்ல முறைதான், ஆனால் அந்த 1 மீட்டரைக் கழிக்க மறந்தால் ஆடுகளமே ஒரு மீட்டர் குறைந்துவிடும்.

ஒரு கடைக்கோட்டின் உள்விளிம்பை 15 மீட்டருக்கு நூல் அடித்து, இரண்டு முனையிலும் கான்கிரீட் ஆணி அடியுங்கள். மூலையை மேஸ்திரியின் மூலைமட்டத்தை வைத்து எடுக்காதீர்கள். அரை மீட்டர் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 28 மீட்டர் தள்ளி அது ஐந்தரை சென்டிமீட்டராக நிற்கும். மூலைவிட்டத்தால்தான் எடுக்க வேண்டும். 28க்கு 15 செவ்வகத்தின் மூலைவிட்டம் 31.765 மீட்டர். முதல் ஆணியிலிருந்து ஒரு டேப்பில் 28.000, இரண்டாவது ஆணியிலிருந்து இன்னொரு டேப்பில் 31.765. இரண்டும் சந்திக்கும் இடம் மூன்றாவது மூலை. நாலாவதும் அப்படியே.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 மீட்டர் டேப் இந்த மூலைவிட்டத்துக்கு எட்டாது. 50 மீட்டர் டேப் வாங்குங்கள், அல்லது பாதிப் பாதியாகப் போடுங்கள். பாதி ஆடுகளம் 14க்கு 15. அதன் மூலைவிட்டம் 20.518 மீட்டர்.

நான்கு மூலையும் வந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் ஒப்பிடுங்கள். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்து மூலைவிட்டங்கள் மட்டும் 3 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டால், செவ்வகம் சரிந்திருக்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கக் கடைக்கோட்டை, நீளமான மூலைவிட்டம் குறையும் திசையில், ஏறக்குறைய அதே 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் நேராகிவிடும். திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை.

தடைப்பகுதியும் ஃப்ரீ த்ரோ கோடும்

ஆட்டக்காரர்கள் பெயிண்ட் என்று சொல்லும் இந்தப் பகுதி இப்போது நீள்சதுரம். கடைக்கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் 2.45 மீட்டர் வெளிவிளிம்புவரை, ஆக அகலம் 4.90 மீட்டர், ஆழம் 5.80 மீட்டர். இதன் மூலைவிட்டம் 7.593 மீட்டர் வந்தால் மூலைகள் சரி. ஃப்ரீ த்ரோ கோட்டின் நீளம் 3.60 மீட்டர். அதன் நடுவிலிருந்து 1.80 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். கோட்டை இரண்டு பக்கமும் 65 சென்டிமீட்டர் நீட்டினால் பெயிண்டின் ஓரத்தைத் தொடும்.

பக்கவாட்டில் ரீபவுண்டுக்கு நிற்கும் இடங்களுக்கான குறிகள்: கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.75 மீட்டரில் முதல் குறி, பிறகு வரிசையாக 0.85, 0.40, 0.85, 0.85. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் நீளம்.

பழைய ஆடுகளத்தைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் அங்கே கடைக்கோட்டருகில் 6 மீட்டர், ஃப்ரீ த்ரோ கோட்டில் 3.60 மீட்டர் என்று விரிந்த சரிவகம் இருக்கும். 2010 வரை ஃபிபாவின் வடிவம் அதுதான். அதன் சாய்ந்த கோடுகளைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். மேலே தளத்தின் நிறத்தை மட்டும் பூசி மறைத்தால் இரண்டு மழைக்காலத்தில் அவை மறுபடி எட்டிப்பார்க்கும். ஆட்டத்தின் நடுவில் எந்தக் கோடு உண்மையான கோடு என்று ரெஃப்ரியே திணறுவார்.

மூன்று புள்ளிக் கோடு

ஆடுகளத்தில் மிகக் கவனமாகப் போட வேண்டியது இதுதான். வளைவின் மையம் கடைக்கோட்டில் இல்லை. ரிங்கின் மையத்துக்கு நேர் கீழே தரையில் இருக்கும் புள்ளிதான் மையம். அது கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது: போர்டின் முகம் கடைக்கோட்டிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே இருக்கும். போர்டுக்கும் ரிங்கின் உள்விளிம்புக்கும் இடையே 15 சென்டிமீட்டர். ரிங்கின் உள்விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர், அதில் பாதி 22.5. மூன்றையும் கூட்டினால் 1.575.

அந்தப் புள்ளியில் ஆணி அடித்து, 6.75 மீட்டரில் வெளிவிளிம்பையும் 6.70 மீட்டரில் உள்விளிம்பையும் தனித்தனியாகச் சுழற்றி வரையுங்கள். பருத்திக் கயிறு வேண்டாம். சுழலும்போது இழுப்பு மாறி வளைவு முட்டை வடிவமாகும். எஃகு டேப்பையோ முறுக்காத கம்பியையோ பயன்படுத்துங்கள். ஒருவர் ஆணியின் அருகில் குந்தி டேப் ஆணியின் தலையில் ஏறாமல் தரையோடு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு சாண் இடைவெளியில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே நகர வேண்டும். ஒரே இழுப்பில் வரைய முயன்றால் சாக்பீஸ் சாயும், கோடு தடிக்கும்.

வளைவு முழு அரைவட்டமாகப் போகாது. ஆடுகளத்தின் அகலத்தில் பாதி 7.5 மீட்டர். 6.75 மீட்டர் வளைவை அப்படியே பக்கத்துக்குக் கொண்டுபோனால், மூலையில் நின்று எறிபவருக்கு 75 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதனால் ஓரத்தில் பக்கக்கோட்டுக்கு இணையாக ஒரு நேர்கோடு வருகிறது; அதன் வெளிவிளிம்பு பக்கக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 90 சென்டிமீட்டர். மூலையிலிருந்து எறிவது 6.60 மீட்டர்தான் என்பதும் இதனால்தான். வளைவும் நேர்கோடும் சேரும் இடம் கடைக்கோட்டிலிருந்து 2.99 மீட்டர். அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பிறகு இரண்டையும் வரையுங்கள். சேரும் இடத்தில் முடிச்சு விழாது.

பழைய ஆடுகளத்தில் 6.25 மீட்டர் வளைவு இருக்கும். ஃபிபா 1984இல் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தபோது வைத்த தூரம் அது. 2010இல் 6.75 ஆனது. பழைய கோட்டிலிருந்து எல்லா இடத்திலும் 50 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். வளைவுக்கு அது சரி, மூலைக்குச் சரியில்லை. பழைய நேர்கோடு பக்கக்கோட்டிலிருந்து 1.25 மீட்டரில் இருந்தது, புதியது 0.90 மீட்டரில். அங்கே நகர்த்த வேண்டியது 35 சென்டிமீட்டர் மட்டுமே. பழைய கோடு சரியாகப் போட்டதா என்பதும் யாருக்கும் தெரியாது. மையத்திலிருந்து புதிதாக அளப்பதே நல்லது.

வரைந்து முடித்ததும் ஒரு சோதனை. வளைவின் உச்சி, கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 8.325 மீட்டரில் இருக்க வேண்டும்; 6.75உம் 1.575உம் சேர்ந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டின் தூர விளிம்பிலிருந்து உச்சிக்கு 2.525 மீட்டர். இரண்டும் பொருந்தினால் பெயிண்டரைக் கூப்பிடலாம்.

சிறிய கோடுகள்

இவை பெரும்பாலும் விட்டுப்போகும். நடுக்கோடு இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். ஸ்கோர் மேசைக்கு எதிர்ப்பக்கம், ஆடுகளத்துக்கு வெளியே, 15 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு த்ரோ-இன் கோடுகள்; ஒவ்வொன்றும் தன் பக்கக் கடைக்கோட்டிலிருந்து 8.325 மீட்டரில். மூன்று புள்ளி வளைவின் உச்சிக்கு நேராக அது வருவதைக் கவனித்திருப்பீர்கள். புதிதாக அளக்காமல் அங்கிருந்தே நூல் பிடிக்கலாம். ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம், அதன் முனைகளிலிருந்து கடைக்கோட்டை நோக்கி 37.5 சென்டிமீட்டர் நேர்கோடுகள். பெஞ்சுப் பகுதிக்கு, கடைக்கோட்டின் நீட்சியாக 2 மீட்டரும், நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி இன்னொரு 2 மீட்டர் கோடும்.

அதே தளத்தில் 3x3 ஆட்டமும் நடத்த நினைத்தால், அதன் அளவு 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். அரை ஆடுகளத்திலேயே அது அடங்கிவிடும்.

போர்டும் ரிங்கும்

போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டர். அதில் வரையும் உள்செவ்வகம் 59 சென்டிமீட்டருக்கு 45. அதன் அடிக்கோட்டின் மேல்விளிம்பு ரிங்கோடு சமமட்டத்தில் நிற்கும். போர்டின் முகத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது கடைக்கோட்டிலிருந்து 1.20 மீட்டரில் விழ வேண்டும். ரிங்கின் மையத்திலிருந்து விட்டால், நீங்கள் வளைவுக்கு ஆணி அடித்த அதே புள்ளியில். விழவில்லை என்றால் கோட்டை மாற்றாதீர்கள், போர்டை நகர்த்துங்கள்.

கம்பத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாங்கியின் முன்பகுதி, மெத்தை உட்பட, கடைக்கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதோடு கோட்டின் 5 சென்டிமீட்டரையும் போர்டு உள்ளே வரும் 1.20 மீட்டரையும் சேர்த்தால், மேலே நீளும் கை 3.25 மீட்டர் இருக்க வேண்டும் என்று தெரிகிறது. செலவு குறைய, பல இடங்களில் கையை ஒன்றரை மீட்டராகக் குறைத்துக் கம்பத்தைக் கோட்டோரமாகவே நட்டுவிடுகிறார்கள். வேகமாக வந்து குதிக்கும் பிள்ளை முகத்தோடு மோதும் இடம் அது. நீண்ட கைக்குப் பணம் இல்லை என்றால், திறப்பு விழாவைத் தள்ளிவைத்துவிட்டுப் பணம் சேருங்கள். அதுவரை இருக்கும் கம்பத்துக்கு 2.15 மீட்டர் உயரம்வரை மெத்தை கட்டியே தீர வேண்டும்.

ரிங்கின் உயரம் அதன் மேல்விளிம்புவரை 3.05 மீட்டர். அடிப்பக்கத்தில் டேப்பை வைத்தால் கம்பியின் தடிமன் அளவுக்கு, 16 முதல் 20 மில்லிமீட்டர், தவறும். வெளி ஆடுகளத்தில் மழைநீர் வடியத் தளத்தைச் சற்றுச் சரித்துப் போட்டிருப்பார்கள். 100க்கு 1 என்றால் 15 மீட்டர் அகலத்துக்கு 15 சென்டிமீட்டர். அதனால் கம்பத்தின் அடியிலிருந்தோ பக்கக்கோட்டிலிருந்தோ மட்டம் எடுக்காமல், ரிங்குக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்தே அளக்க வேண்டும். ரிங்கின்மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்த ரிங்குகள் நம் பள்ளிகளில் ஏராளம்.

தளத்தின்மேல் பின்னாளில் புதுப் பூச்சு போட்டாலும் இந்த உயரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். 4 சென்டிமீட்டர் பூச்சு ஏறினால் ரிங் 3.01க்கு இறங்கிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் நாள் அளந்த இரண்டு ரிங்குகளின் உயரத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும், மூலை ஆணிகள் இருக்கும் இடத்தையும் தேதி போட்டு விளையாட்டுத் துறையின் இருப்புப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கோடுகள் தேய்ந்து மறுபடி அடிக்க வரும்போது அடுத்த ஆசிரியர் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.